குடிக்காமல் படியேற முடியாத கேப்டன் வீரனா?

6 ஜூலை 2023 (வாசகர் ஒருவரின் கேள்வி)

முதல் உலகப்போரைப் பற்றி ஆர். சி. ஷெரிஃப் எழுதிய 'ஜர்னீஸ் எண்ட்' ஆங்கில நாடகத்தை ஆளாளுக்குப் புகழ்கிறார்களே என்று உட்கார்ந்து படித்தேன். ஏமாற்றம். நாயகன் ஸ்டேன்ஹோப் விஸ்கி பாட்டிலை விட்டு நகர்வதில்லை. ஹிபர்ட் என்று ஒருவன் வலி வலி என்று அழுகிறான். ட்ராட்டர் என்று ஒருவனுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சே கிடையாது. சண்டை மேடையிலேயே வரவில்லை. இதில் வீரம் எங்கே? மகன் புறமுதுகிட்டான் என்று கேட்டதும், அது உண்மையானால் பால் கொடுத்த மார்பை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போன கிழவியைப் பாடிய மொழிக்காரர்களுக்கு இது எடுபடுமா?

6 ஜூலை, இரவு

எடுத்த எடுப்பிலேயே புறநானூற்றுக் கிழவியை இழுத்துவிட்டீர்கள். அவரிடம் அப்புறம் வருகிறேன்.

முதலில் இடமும் நாளும். பிரான்சில் சான் கெந்தான் ஊருக்கு எதிரே பிரிட்டிஷ் முன்வரிசை. 1918 மார்ச் 18, திங்கள் மாலை திரை விலகுகிறது. 21, வியாழன் விடிகிற நேரத்தில் விழுகிறது. நாடகம் முழுக்க ஒரே பதுங்குகுழி. மெழுகுவர்த்தி, மேசை, படுக்கைகள், மேலே ஏறிப்போக ஒரு படிக்கட்டு. ஜெர்மானியர்கள் நூறு கஜத்துக்குள் இருக்கிறார்கள். ஒரு கம்பெனிக்கு, அதாவது ஒரு படைப்பிரிவுக்கு, இங்கே ஆறு நாள் முறை. பெரிய தாக்குதல் வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். இவர்களுடைய ஆறு நாளுக்குள் வருமா, அடுத்த கம்பெனி தலையில் விடியுமா என்பதுதான் கேள்வி.

21ஆம் தேதி என்ன நடந்தது என்று சரித்திரத்தில் இருக்கிறது. அதிகாலை 4.40க்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் பீரங்கிகள் ஒன்றாக முழங்கின. ஐந்து மணி நேரத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் குண்டுகள். அன்று ஒரே நாளில் சுமார் 21,000 பிரிட்டிஷ் படையினர் சிறைப்பட்டார்கள். 1928இல் லண்டன் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தத் தேதி நமக்கு 2004 டிசம்பர் 26 மாதிரி. நிகழ்ச்சிக் குறிப்பில் தேதியைப் பார்த்ததுமே வயிற்றைப் பிசைந்திருக்கும். ஷெரிஃப் முதலில் யோசித்த தலைப்புகளில் ஒன்றுக்கு 'காத்திருப்பு' என்றுதான் அர்த்தம். அதுதான் நாடகம். சண்டை மேடைக்கு வரவில்லை என்று குறைப்படுவது, பிரசவ வார்டு வாசலைப் பற்றிய கதையில் ஏன் பிரசவத்தைக் காட்டவில்லை என்று கேட்பது போல இருக்கிறது.

கடைசியில் பதுங்குகுழியின் கூரை ஸ்டேன்ஹோப் தலைமேல் இடிந்து விழுகிறது. அந்த முடிவைப் பார்த்துவிட்டும் வீரம் எங்கே என்கிறீர்களா?

7 ஜூலை, காலை

தப்பு. ராத்திரி ஞாபகத்தில் எழுதியது. குண்டு விழும்போது ஸ்டேன்ஹோப் உள்ளே இல்லை. படியேறி மேலே போய்விடுகிறான். மூத்த அதிகாரி ஆஸ்போர்னின் படுக்கையில் கிடத்தியிருக்கும் இளம் அதிகாரி ராலேயின் உடல்தான் உள்ளே இருக்கிறது; வாசல் இடிந்து மூடிக்கொள்கிறது.

சின்னத் தப்பில்லை இது. நான் எழுதியபடி என்றால் தியாகச் சாவு, கைத்தட்டல். ஷெரிஃப் எழுதியபடி என்றால் ஒருவன் வழக்கம்போல வேலைக்குப் போகிறான், காலியான அறை இடிகிறது. அவன் பிழைத்தானா என்று சொல்லவே இல்லை. முப்பது வருஷமாக நான் அவனை மனதுக்குள் மண்ணைப் போட்டு மூடி வைத்திருந்தேன்.

7 ஜூலை, மதியம்

'முப்பது வருஷமா?' என்று கேட்டிருக்கிறார்கள். ஆமாம், கல்லூரியில் இதைப் போட்டோம். ஆண்கள் கல்லூரி. இந்த நாடகத்தில் பெண் பாத்திரமே கிடையாது, யாருக்கும் சேலை கட்டிவிட வேண்டியதில்லை. எங்கள் ஆங்கிலத் துறை இதைத் தேர்ந்தெடுத்ததற்கு அதைவிடப் பெரிய இலக்கியக் காரணம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. பூட்ஸ் என்.சி.சி. ஸ்டோரில் இரவல். விஸ்கிக்குக் கட்டங்காப்பி. ஸ்டேன்ஹோப்பின் ரிவால்வர், தீபாவளிக்கு வாங்கிய பொட்டுக்கேப் துப்பாக்கி. கறுப்பு பெயின்ட் அடித்தது.

நான் ஹிபர்ட். அதாவது உங்கள் 'வலி வலி' பேர்வழி. ஆகவே இந்த இழையில் நான் நடுநிலை இல்லை.

9 ஜூலை

குடிக்கு வருவோம், எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஸ்டேன்ஹோப்புக்கு வயது 21. பள்ளிக்கூடத்தை விட்டு நேராகப் போர்முனை. மூன்று வருஷமாக அங்கேயே இருக்கிறான். (முதல் மேடையேற்றத்தில் அவனாக நடித்த லாரன்ஸ் ஒலிவியேவுக்கும் அப்போது 21தான். 1928 டிசம்பர் 9, அப்போலோ அரங்கம். ஒலிவியே வேறு நாடகத்துக்குப் போய்விட, 1929 ஜனவரியில் சவாய் அரங்கத்தில் காலின் கிளைவ் அந்த வேடத்தைப் போட்டார். இயக்கியவர் ஜேம்ஸ் வேல். இந்த இரண்டு பேரும் 1931இல் சேர்ந்து பிராங்கன்ஸ்டைன் படம் பண்ணினார்கள் என்பதை எங்கே சொல்வது என்று தெரியாமல் இங்கே சொல்லிவைக்கிறேன்.)

பிரான்சின் விமி முகட்டுப் போர்முனையில் நடந்த ஒரு கோரத்துக்குப் பிறகு தனக்குப் புத்தி பேதலித்துவிடும் என்று தெரிந்துபோனதாக ஸ்டேன்ஹோப்பே ஆஸ்போர்னிடம் சொல்கிறான். அவனுக்கு முன்னால் இரண்டு வழி. உடம்பு சரியில்லை என்று நடித்து வீட்டுக்குப் போய்விடலாம். அல்லது குடிக்கலாம். இரண்டாவதை எடுத்துக்கொண்டான்.

இந்த இடத்தில் நின்று படியுங்கள். முதல் வழிதான் ஹிபர்ட் எடுக்கப் பார்ப்பது. ஒரே சந்து, இரண்டு வாசல். ஸ்டேன்ஹோப்புக்கு ஹிபர்ட்டைக் கண்டாலே ஆகாது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

முதல் காட்சியில் ஹார்டி என்ற, முறை முடிந்து கிளம்பும் கம்பெனியின் கேப்டன், ஈர சாக்ஸை மெழுகுவர்த்தியில் காயவைத்துக்கொண்டே, 'பையன் இன்னும் மீன் மாதிரிக் குடிக்கிறானா' என்று கேட்பான். எவ்வளவு தாங்குகிறான் பார்ப்போம் என்று ஊற்றிக்கொடுத்து வேடிக்கை பார்க்கிறவர்கள் நீங்கள்தானே என்று ஆஸ்போர்ன் திருப்பிக் கொடுப்பார். கல்யாண வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். ஊற்றிக்கொடுப்பவர்களே மறுநாள் 'அவன் ஒரு குடிகாரப்பய' என்பார்கள்.

9 ஜூலை, கொஞ்சம் கழித்து

மிளகு விஷயத்தை யாரோ கிண்டல் செய்திருக்கிறீர்கள். அது நாடகத்திலேயே கிண்டல்தான்.

சமையல்காரன் மேசன் சூப்புக்கு மிளகுத்தூள் கொண்டுவர மறந்துவிடுகிறான். மிளகு இருந்தாலே போர் தாங்காது, அதுவும் இல்லாவிட்டால் என்ன ஆவது என்று ட்ராட்டர் புலம்புகிறான். முன்வரிசையில், எந்த நிமிடமும் தலையில் குண்டு விழலாம் என்ற நிலையில், மிளகு கேட்டு ஆள் அனுப்புகிறார்கள்! அதுவும் காகிதத்தில் மடித்து வந்துசேர்கிறது. மிளகு ரசத்துக்கு ஊர்ச்சண்டை போடுகிற நாம் இதை 'சாப்பாட்டுப் பேச்சு' என்று தள்ளுவது எனக்கு ஆச்சரியம்.

டின் கதையும் உண்டு. அன்னாசித் துண்டு என்று நம்பி வாங்கிய டின்னைத் திறந்தால் ஏப்ரிகாட். கேப்டனுக்கு ஏப்ரிகாட்டைக் கண்டாலே ஆகாது. மேசனுக்குக் குலை நடுங்குகிறது. ஜெர்மன்காரனுக்கு நடுங்காத குலை.

14 ஜூலை

இப்போது ராலே. இவன் வந்ததுதான் நாடகத்தின் சிக்கல் என்று நினைக்கிறேன்.

ராலேக்கு 18 வயது. ஸ்டேன்ஹோப் படித்த அதே பள்ளி, மூன்று வகுப்பு கீழே. ஸ்டேன்ஹோப் அங்கே கிரிக்கெட்டிலும் ரக்பியிலும் ராஜா. ராலேயின் அக்கா மேட்ஜ், ஸ்டேன்ஹோப்புக்காகக் காத்திருக்கிறாள். பையன் அவனுடைய பட்டாலியனிலேயே (பல கம்பெனிகள் சேர்ந்த படை) சேர வேண்டும் என்று படைத்தளபதியான தன் அங்கிளைப் பார்த்துக் கேட்டிருக்கிறான். (குடும்பப் பெயர் ஒன்று என்பதால் பெரியப்பாவோ சித்தப்பாவோ. ஆங்கிலத்தில் இந்த ஒரு வசதி கிடையாது.) சிபாரிசு வேலை செய்துவிட்டது.

ஸ்டேன்ஹோப் இவனைப் பார்த்ததும் சந்தோஷப்பட வேண்டும். முகம் செத்துப்போகிறது. இவன் வீட்டுக்குக் கடிதம் எழுதுவான், நான் குடிப்பதை அக்காவுக்கு எழுதிவிடுவான் என்று பயம். கடிதங்களைத் தணிக்கை செய்வது அதிகாரியின் வேலை. அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு பையன் கையிலிருந்து கடிதத்தைப் பிடுங்குகிறான். பிடுங்கியவனுக்குப் படிக்கத் தைரியம் வரவில்லை. ஆஸ்போர்ன் பிரித்து வாசிக்கிறார். உள்ளே இருப்பது முழுக்கப் புகழ்ச்சி. பட்டாலியனிலேயே சிறந்த அதிகாரி இவர்தான், ஓயாமல் உழைப்பதால் களைத்திருக்கிறார், இவர் என் நண்பர் என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை என்கிற ரீதியில். கேட்டுக்கொண்டு அசையாமல் நிற்கிறான் ஸ்டேன்ஹோப்.

மூன்று வருஷ குண்டுவீச்சு செய்யாததை ஒரு தபால் செய்கிறது.

14 ஜூலை, இரவு

கிழவியிடம் வருகிறேன் என்றேனே. அது புறம் 278, காக்கைபாடினியார் நச்செள்ளையார். அவள் களத்தில் பிணங்களைப் புரட்டிப் புரட்டித் தேடி, மகன் வெட்டுண்டு சிதைந்து கிடப்பதைப் பார்த்து, பெற்ற நாளைவிட அதிகம் மகிழ்ந்தாள் என்று பாட்டு முடிகிறது. பெரிய பாட்டு. நான் குறை சொல்லவில்லை.

ஆனால் அதில் பையன் வாய் திறப்பதில்லை. ஊர் பேசுகிறது, அம்மா சபதம் போடுகிறாள், புலவர் பாடுகிறார். அவன் களத்துக்குப் போகும்போது என்ன நினைத்தான்? அம்மா காதுக்கு என்ன போய்ச் சேரும் என்று நினைத்திருப்பானா? ஸ்டேன்ஹோப்புக்கு அந்த அம்மாவின் இடத்தில் மேட்ஜ் இருக்கிறாள். அவள் வாள் எடுத்துக்கொண்டு வரவேண்டியதில்லை, ஒரு கடிதத்தைப் பிரித்தால் போதும். நீங்கள் பாட்டுக்கு எதிராக நாடகத்தை நிறுத்தினீர்கள். எனக்கு, பாட்டில் பேசாத பையன்தான் நாடகத்தில் பேசுகிறான் என்று தோன்றுகிறது.

2 ஆகஸ்ட்

ஊரில் வேலை, வர முடியவில்லை. அதற்குள் இங்கே 'ஹிபர்ட்டைச் சுட்டிருக்க வேண்டும்' என்று ஒருவர், 'மனநோய்க்கு மரண தண்டனையா' என்று ஒருவர், நன்றாகச் சண்டை போட்டிருக்கிறீர்கள்.

சில எண்கள். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றங்கள் 3,000க்கும் மேற்பட்ட மரண தண்டனைகளை விதித்தன. நிறைவேற்றியது 346. அதில் பெரும்பகுதி ஓடிப்போனதற்கும் கோழைத்தனத்துக்கும். 306 பேருக்கு 2006இல் பிரிட்டிஷ் அரசு மன்னிப்பு வழங்கியது; 90 வருஷம் கழித்து. சுடப்பட்டவர்களில் அதிகாரிகள் மொத்தம் மூன்றே பேர். ஹிபர்ட் அதிகாரி. நாடகத்தில் மேலே நிற்கும் சாதாரணச் சிப்பாய்க்கு அதே வலி வந்திருந்தால் அவனோடு உட்கார்ந்து பேச எந்தக் கேப்டனும் வந்திருக்க மாட்டான் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். சிப்பாய்களின் பயத்தைப் பற்றி இந்த நாடகத்தில் அநேகமாக ஒன்றுமே இல்லை. சமையல்காரன் மேசனுக்குக்கூட ஏப்ரிகாட் பயம் மட்டும்தான் கொடுத்திருக்கிறார். எனக்குப் பிடித்த நாடகம்தான், ஆனால் இது ஆபீசர் மெஸ்ஸின் நாடகம்.

2 ஆகஸ்ட், தொடர்ச்சி

அந்தக் காட்சி. ஹிபர்ட் கண்ணுக்குள் நரம்புவலி என்று சொல்லி டாக்டரைப் பார்த்து ஊருக்குப் போகப் பார்க்கிறான். நம் பட்டாளத்து மொழியில் 'சிக் ரிப்போர்ட்'. ஸ்டேன்ஹோப் வழியை மறிக்கிறான். ஹிபர்ட் கைத்தடியால் அடிக்கப் போகிறான். ஸ்டேன்ஹோப் தடியைப் பிடுங்கி உடைத்துவிட்டு ரிவால்வரை எடுக்கிறான். அரை நிமிடம் தருகிறேன், யோசி என்கிறான். ஹிபர்ட் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான். நேரம் முடிகிறது. சுடு என்கிறான்.

இந்த இடத்தில் எங்கள் அரங்கில் கடைசி வரிசையிலிருந்து ஒருத்தன் 'சுட்றா மச்சான்!' என்று கத்தினான். அரங்கமே சிரித்தது. நான் பத்தொன்பது வயசு, சிரிப்புச் சத்தம் கேட்டதும் என் உடம்பு தானாக அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அதற்குமேல் வந்த அழுகையை எல்லாம் ஆங்ங் என்று இழுத்து, மூக்கைச் சட்டைக்கையில் துடைத்து, கோமாளி அழுகையாக அழுதேன். இன்னும் சிரித்தார்கள். ஸ்டேன்ஹோப்பாக நடித்த நண்பன் பல்லைக் கடித்துக்கொண்டு வசனம் சொன்னான். அடுத்து வருகிற பேச்சு, எனக்கும் இதே பயம்தான், நானும் ஓடிப்போக நினைத்தேன், சேர்ந்து நிற்போம் வா என்று அவன் சொல்கிற பேச்சு, அந்த இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. அன்றைக்கு எனக்குத்தான் கைத்தட்டல் அதிகம்.

அப்பா வந்திருந்தார். ராணுவத்தில் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். 71 போரில் கிழக்கே லாரி ஓட்டியவர். இங்கிலீஷ் அரைகுறைதான். வெளியே சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். போனதும் சொன்னார்: "அழுதது சரியில்லைடா. அப்படி அழ மாட்டாங்க. சத்தம் வராது."

3 ஆகஸ்ட்

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். இன்னொன்று விட்டுப்போனது.

'சுடு' என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடி நின்றவன் எப்படிக் கோழை? மேலே போர்முனைப் பள்ளத்துக்குப் போவதைவிடச் சாவு மேல் என்று நிற்கிறான். அதற்கும் ஒரு திடம் வேண்டாமா? ஸ்டேன்ஹோப்பும் இதைத்தான் பார்க்கிறான். ரிவால்வரைக் கீழே இறக்கி, நின்றாயே, பரவாயில்லை என்கிற மாதிரிப் பேசுகிறான்.

ஆனால், இந்த 'ஆனால்'தான் இரண்டு நாளாகத் தொந்தரவு, ஸ்டேன்ஹோப் செய்தது மிரட்டல். அதுவும் தன்னைத் தானே மிரட்டுவது போல. அவன் ஹிபர்ட்டை விட்டுவிட்டால் நாளைக்கு அவனுக்கே அந்த வாசல் திறந்துவிடும். கல்லூரியில் அந்தக் காட்சியை 'பெரிய மனசு' என்று சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைக்குப் படித்தால் பெரிய மனசும் இருக்கிறது, கழுத்தைப் பிடித்த பிடியும் இருக்கிறது. பிரித்தெடுக்க வரவில்லை.

11 ஆகஸ்ட்

ஆஸ்போர்னைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று திட்டு. சரி.

45 வயது பள்ளி ஆசிரியர். எல்லோரும் 'அங்கிள்' என்பார்கள். ஒரு காலத்தில் இங்கிலாந்துக்கு ரக்பி ஆடியவர்; அதை அவர் சொல்வதில்லை, பேச்சுவாக்கில் வெளியே வருகிறது. பதுங்குகுழியில் உட்கார்ந்து 'ஆலிஸ்' குழந்தைக் கதை படிக்கிறார்.

எதிரிப் பள்ளத்தில் புகுந்து ஒரு கைதியைப் பிடித்துவர வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு. எந்த ரெஜிமென்ட் எதிரே இருக்கிறது என்று தெரிய வேண்டுமாம். ஆஸ்போர்னும் ராலேயும் பத்துப் பேரோடு போக வேண்டும். பட்டப்பகலில், மாலை ஐந்து மணிக்கு. இருட்டிய பிறகு போகக்கூடாதா என்றால், ஏழு மணிக்கு மேலதிகாரிகளுக்குத் தகவல் வேண்டும். அவர்களுடைய இரவுச் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகக்கூடாது போல என்று ஸ்டேன்ஹோப் குத்துகிறான். கம்பி வேலியில் இவர்கள் குண்டு போட்டு உடைத்த இடைவெளியின் இரண்டு பக்கமும் ஜெர்மானியர்கள் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறார்கள். வாங்க, காத்திருக்கிறோம் என்று பந்தல்கால் நட்ட மாதிரி.

கிளம்புவதற்குச் சில நிமிடம் இருக்கிறது. ஆஸ்போர்ன் தன் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் மனைவிக்கு எழுதிய கடிதத்தையும் முன்னதாகவே ஸ்டேன்ஹோப்பிடம் காட்டி வைத்துவிட்டார். ராலேயோடு உட்கார்ந்து இங்கிலாந்துக் காடு ஒன்றில் நடந்துபோவதைப் பற்றியும் டீக்கடையைப் பற்றியும் பேசுகிறார். போரைப் பற்றி ஒரு சொல் பேசக்கூடாது என்று இருவருக்கும் சொல்லாத ஒப்பந்தம். எழும்போது, நன்றாகக் கனிந்த பைப்பைப் பாதியில் வைத்துவிட்டுப் போக மனசே வரவில்லை என்கிறார். ராலே மேசையில் மோதிரத்தைப் பார்த்துவிட்டு, 'உங்கள் மோதிரம்' என்று எடுத்துக் கொடுக்கிறான். தொலைந்துவிடக்கூடாதே என்று வைத்தேன் என்கிறார் அவர். பையனுக்கு அப்போதுதான் புரிகிறது.

ராலேயும் நாலு பேரும் திரும்புகிறார்கள். கைதி கிடைத்தான், அவனும் ஒரு சின்னப் பையன். கர்னலுக்கு ஏக சந்தோஷம், கிடைத்த தகவலைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நம்மாட்கள் எல்லோரும் வந்துவிட்டார்களா என்று கேட்பது அதற்கப்புறம்தான்.

அந்தப் பைப் மேசையில் ஆறிக்கிடந்திருக்கும் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னவோ செய்கிறது. எங்கள் நாடகத்தில் பைப் கிடைக்காமல் சிகரெட் வைத்தோம். ஆஷ்ட்ரே இல்லாமல் கொட்டாங்கச்சி. திரை விழுந்து பார்த்தால் சிகரெட்டைக் காணோம், லைட் போட்ட அண்ணன் எடுத்துப் புகைத்துவிட்டார்.

12 ஆகஸ்ட்

ஆஸ்போர்ன் செத்த அன்று ராத்திரியே கோழிக்கறி, ஷாம்பெயின், சுருட்டு என்று விருந்து. ராலே அதில் உட்காராமல் சிப்பாய்களோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறான். எப்படி உங்களால் முடிகிறது என்று கேட்கிறான். மறப்பதற்குத்தானடா என்று ஸ்டேன்ஹோப் வெடிக்கிறான்.

எங்கள் பக்கம் சாவு வீட்டில் இரண்டாம் நாள் சீட்டுக்கட்டு வந்துவிடும். சின்ன வயதில் எனக்கு அது அருவருப்பாக இருந்தது. ராலே வயசு.

27 ஆகஸ்ட்

'இது போர் எதிர்ப்பு நாடகமா இல்லையா, ஒரே வரியில் சொல்லுங்கள்' என்று ஒருவர். ஷெரிஃப் பிரசாரத்துக்காக எழுதவில்லை என்றே சொல்லிவந்தார். அவர் கிழக்கு சர்ரே ரெஜிமென்டில் அதிகாரியாக இருந்து 1917இல் காயம்பட்டவர். போருக்குப் பின் காப்பீட்டுக் கம்பெனி வேலை. படகுச் சங்கத்துக்கு நிதி திரட்ட நாடகம் எழுதிப் பழகியவர். தனக்குத் தெரிந்த ஆட்களை எழுதினார். அந்த முதல் ஓட்டத்தில் ஏறக்குறைய 600 காட்சிகள். வந்தவர்களில் தளபதிகளும் இருந்திருப்பார்கள், மகனைப் பறிகொடுத்த அம்மாக்களும் இருந்திருப்பார்கள். ஒரே வரி என்னிடம் இல்லை.

19 அக்டோபர்

இழை அடங்கிவிட்டது என்று நினைத்தேன். கேள்வி கேட்டவரே திரும்ப வந்து, 'சரி, ஸ்டேன்ஹோப்பை ஒப்புக்கொள்கிறேன், ஆஸ்போர்னையும்; ஆனால் அந்தச் சாப்பாட்டு ராமன் ட்ராட்டர் எதற்கு, சிரிப்பு மூட்டவா?' என்று கேட்டிருக்கிறார்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ட்ராட்டர் ஒரு தாளில் 144 வட்டம் போட்டு வைத்திருப்பான். ஆறு நாள், நாளைக்கு 24 மணி நேரம். ஒவ்வொரு மணி முடிந்ததும் ஒரு வட்டத்தைக் கறுப்பாக்குவான். ஸ்கூல் லீவுக்கு நாள் எண்ணுகிற பையன் மாதிரி. விஷவாயுக் கதை ஒன்று சொல்வான்: இருட்டில் ஏதோ வாசனை வந்ததும் வாயு என்று கத்தி எல்லோரையும் எழுப்பிவிட்டானாம்; பார்த்தால் பக்கத்தில் ஏதோ முள்மரம் பூத்திருக்கிறது. சிரிப்பாக இருக்கும். பூ வாசனையில் பதறுகிற அளவுக்கு அந்த ஆள் உள்ளே என்ன வைத்திருக்கிறான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஆஸ்போர்ன் போன பிறகு, உனக்கென்னப்பா, நீ எப்போதும் ஒரே மாதிரி என்று ஸ்டேன்ஹோப் சொல்வான். ட்ராட்டர் கொடுக்கும் பதில் இரண்டு மூன்று சொல்தான். உங்களுக்கு என்ன தெரியும் என்கிற தொனி. அதோடு பேச்சை மாற்றிவிடுவான். மற்ற எல்லோருக்கும் பார்க்கிற கண் ஒன்று இருக்கிறது. ஸ்டேன்ஹோப்புக்கு மேட்ஜ். ராலேக்கு ஸ்டேன்ஹோப். ஹிபர்ட்டுக்குக்கூட அந்த அரை நிமிடத்துக்குப் பிறகு கேப்டன். ட்ராட்டரை யாரும் பார்ப்பதில்லை, நானும் நீங்களும் உட்பட. அவன் பாட்டுக்கு மேலே போய் முறை பார்த்துவிட்டு இறங்கி வந்து என்ன குழம்பு என்று கேட்கிறான்.

கடைசி நாள் விடியலில் குண்டுமழைக்கு நடுவே மேசன் சாண்ட்விச் செய்து வைப்பான். எங்கள் மேடையில் ஹாஸ்டல் மெஸ் பஜ்ஜியைத் தினத்தாளில் மடித்து வைத்திருந்தோம். எண்ணெய் ஊறி, முன்வரிசை வரைக்கும் வாசனை போனது. ட்ராட்டராக நடித்தவன் ஒரு பொட்டலத்தைச் சட்டைப் பையில் திணித்து, பட்டன் போட முடியாமல் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே படியேறிப் போனான். ஒத்திகையில் இல்லாதது.

அன்றிரவு பஸ்ஸில் அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. என் அழுகையைப் பற்றிச் சொன்னதோடு சரி. ஊர் நெருங்கும்போது கேட்டார்.

"அந்தச் சாப்பாட்டுக்காரன் என்ன ஆனான்?"

"நாடகத்துல சொல்லலப்பா."

"செத்தானா?"

"தெரியாதுப்பா, அதோட முடிஞ்சிடும்."

கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"பொட்டலத்த எடுத்துக்கிட்டுத்தானே போனான்?"

எடுத்துக்கொண்டுதான் போனான் என்றேன்.